கொழும்பில சைக்கிள் ஓடுறவங்களுக்கு: றோட்டு வேலை நடக்கிற இடத்தால எப்பிடிப் போறது

யாழ்ப்பாணத்திலயிருந்தோ மட்டக்களப்பிலயிருந்தோ மலைநாட்டிலயிருந்தோ கொழும்புக்கு புதுசா வந்து, ஒரு ரூம் எடுத்து, வேலைக்கு சைக்கிள்லயே போவம் எண்டு நினைக்கிற ஆக்களுக்குத்தான் இத எழுதுறன். 2022இல பெற்றோல் இல்லாம கியூவில நிண்ட காலத்தில நிறையப் பேர் சைக்கிளுக்கு மாறினாங்க, அதில கொஞ்சப் பேர் இன்னும் ஓடுறாங்க, புதுசாவும் ஆக்கள் வந்துகொண்டுதான் இருக்கிறாங்க. ஊர்ல சின்ன வயசிலயிருந்து சைக்கிள் ஓடின ஆக்களுக்கும் இங்க முதல்ல தடுமாற வைக்கிறது ட்ரபிக் இல்ல, கிண்டி வச்சிருக்கிற றோட்டுதான்.

ஏன் எண்டா, தண்ணிக் குழாய், டெலிபோன் கேபிள், கரண்ட் கேபிள், கான் (வடிகால்) எல்லாம் பெரும்பாலும் றோட்டின்ட ஓரத்தாலதான் போகுது, நாங்க சைக்கிள் ஓடுறதும் இடது ஓரத்தாலதான். காருக்கு அது கொஞ்சம் ஒதுங்கிப் போற விஷயம், எங்களுக்கு ஓடுற இடமே இல்லாமப் போயிடுது. அதோட வழி மாத்தி விடுற போர்ட், கோன், கொடி காட்டுற ஆள் எல்லாம் மோட்டர் வாகனத்த மனசில வச்சு வைக்கிறது. சைக்கிள் எதால போறது எண்டு அதில எழுதியிருக்காது. அத நீங்கதான் முடிவெடுக்கணும், அதுவும் கோன்கிட்ட வந்து நிண்டு இல்ல, அதுக்கு முந்தியே.

வேலைக்குப் போக முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை

முதல் வேலை இது. ஞாயிறு காலமை றோட்டு காலியா இருக்கேக்க வீட்டிலயிருந்து வேலை இடத்துக்கு ஒரு தரம் ஓடிப் பாருங்க, போறது ஒரு வழி, வாறது வேற வழி. எப்பவும் ரெண்டு வழியாவது கையில இருக்கணும், மூண்டு இருந்தா இன்னும் நல்லம்.

உதாரணத்துக்கு வெள்ளவத்தையில இருந்துகொண்டு கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போறீங்க எண்டு வைங்க. காலி வீதி நேர் வழி. அதுக்கு கடல் பக்கமா மெரின் டிரைவ், ரயில் பாதையோட சேர்ந்து போறது. மற்றப் பக்கம் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையால ஏறி ஹெவ்லொக் றோட்ட பிடிக்கலாம். இந்த மூண்டையும் இணைக்கிற ஒழுங்கைகள்தான் உங்கட சொத்து. காலி வீதியிலயிருந்து கடலுக்கு இறங்குற ஒழுங்கைகள்ல எது மெரின் டிரைவுக்கு சைக்கிள் போற மாதிரி வெளிக்குது, எது மதிலோட முடியுது எண்டு ஓடிப் பாத்து வச்சா, காலி வீதியில எங்க தோண்டினாலும் அதுக்கு ரெண்டு ஒழுங்கை முந்தியே இறங்கி, தாண்டினதும் திரும்ப ஏறலாம். கடல் காத்து எதிர்க்கேக்க மெரின் டிரைவ் கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும், ஆனா பஸ் குறைவு.

கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு இது கஷ்டம், அங்க றோட்டு ஒடுக்கம், லொறியும் கொள்கலனும் கூட. அதனால அங்க ரெண்டாவது வழி இன்னும் முக்கியம்.

இதில கட்டாயம் கவனிக்கவேண்டிய ஒண்டு: கொழும்பில ஒழுங்கை மாறி மாறிப் போனாலும் சில இடங்கள்ல கட்டாயம் ஒரே வாசலாலதான் போகணும். வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய், பேர வாவி, களனி ஆறு, ரயில் பாதை. பாலமோ கடவையோ இருக்கிற இடத்தால மட்டும்தான் தாண்ட ஏலும். ஒழுங்கைக்குள்ள எவ்வளவு கெட்டிக்காரத்தனமா வந்தாலும் பாலத்தில வேலை நடந்தா நிண்டுபோவீங்க. அதனால மெப்பில உங்கட வழியில உள்ள பாலங்களையும் ரயில் கடவைகளையும் முதல்ல குறிச்சு வைங்க, அடுத்த பாலம் எவ்வளவு தூரம் எண்டும் பாருங்க. ரயில் கடவை திருத்த வேலைய பெரும்பாலும் ராவிலயும் வார இறுதியிலயும்தான் செய்வாங்க, பத்திரிகையிலயும் ரேடியோவிலயும் முன்கூட்டியே சொல்லுவாங்க. களனி ஆத்த தாண்டுற ஆக்கள் இன்னொண்டும் பாருங்க, 2021 நவம்பர்ல திறந்த புதுப் பாலம் கட்டுநாயக்க அதிவேகப் பாதையோட சேருது, அதிவேகப் பாதையில சைக்கிளுக்கு அனுமதியே இல்ல, வாகனங்களுக்குப் பின்னால சும்மா ஏறிப் போயிடாதீங்க.

தோண்டப் போறாங்க எண்டு எப்பிடித் தெரியும்

றோட்டே சொல்லும், பாக்கப் பழகணும். முதல்ல தார் மேல ஸ்பிரே பெயின்ட்டால கோடும் அம்புக்குறியும் நம்பரும் வரும். பிறகு பேவ்மென்ட் ஓரமா நீலக் குழாயோ கறுப்புக் குழாயோ கொண்டுவந்து அடுக்குவாங்க. அடுத்தது கட்டர் மெஷினால தார வெட்டின ரெண்டு நேர்க்கோடு. அந்தக் கோட்டக் கண்டா கெதியில கிண்டுவாங்க எண்டு வச்சுக்கொள்ளுங்க.

கிண்டி குழாய் போட்டு மூடினதோட முடிஞ்சுது எண்டு நினைக்காதீங்க, சைக்கிளுக்கு மோசமான காலம் அதுக்குப் பிறகுதான். கிடங்க மூடி மேல ஏபிசி எண்டு சொல்லுற, மெட்டலும் (உடைச்ச கருங்கல்லு) தூளும் கலந்த கலவைய போட்டு ரோலரால அமத்தி விட்டுட்டு போவாங்க. அது கொஞ்ச நாள் வாகனம் ஓடி, மழை பெய்து, இறங்கி இறுகினாத்தான் மேல தார் போட்டா நிலைக்கும். கிண்டுறது ஒரு திணைக்களம், றோட்டு இன்னொருத்தருக்குச் சொந்தம். தண்ணிக் குழாய் எண்டா நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, காலி வீதி மாதிரி ஏ, பி நம்பர் உள்ள வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, உள்ளுக்க இருக்கிற சின்ன வீதிகள் ஒழுங்கைகள் மாநகர சபைக்கு. ஒருத்தர் கிண்டி மூடி, மற்றவர் வந்து காப்பட் (மேல வாற தார்ப் படை) போட்டு முடிக்கிறதுக்கு இடையில நாள் இழுபடும். அந்த இடைவெளி முழுக்க றோட்டு ஓரத்தில ஒரு நீட்டுப் பள்ளம் இருக்கும், தூசி பறக்கும், மெட்டல் சிதறிக் கிடக்கும், பாரியர் எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போயிருப்பாங்க. வேலை நடக்கேக்க கோனாவது இருந்துது. நான் வேலை நடக்கிற இடத்தவிட வேலை முடிஞ்ச இடத்துக்குத்தான் கூடப் பயப்பிடுறன், நீங்களும் அப்பிடியே பழகுங்க.

கூகிள் மெப் பெரிய வீதி மூடினா காட்டும், ஒழுங்கைக்குள்ள கிண்டினா பெரும்பாலும் காட்டாது. அதவிட சந்தி ஆட்டோ பார்க்கில நிக்கிற அண்ணாமார்கிட்ட கேளுங்க, எந்த றோட்டு எப்ப மூடினது, எதால வெளிக்கலாம் எண்டு அவங்களுக்குத்தான் சரியாத் தெரியும்.

கிட்ட வரேக்க என்ன செய்றது

இதுதான் முக்கியமான இடம், ஆறுதலா வாசியுங்க. றோட்டு ஒடுங்குற இடத்தில வாகனம் எல்லாம் ஒரு லேனுக்குள்ள நெருக்கி வரும். அந்த நேரம் கோனோட ஒட்டி ஓரமா போனா பின்னால வாறவருக்கு “இடம் இருக்கு, முந்தலாம்” எண்டு நீங்களே சொன்ன மாதிரி ஆகிடும். அவர் முந்துவார், பாதியில இடம் காணாது, இடது பக்கம் சாய்ப்பார், உங்களுக்கு ஒதுங்க ஒரு பக்கம் கிடங்கு மற்றப் பக்கம் பஸ்.

அதனால ஒரு நாப்பது அம்பது மீட்டர் முந்தியே, கோன் தொடங்க முந்தி, தலையத் திருப்பி பின்னால வடிவாப் பாருங்க. கண்ணாடி இருந்தாலும் தலையத் திருப்புங்க, ஏன் எண்டா நீங்க திரும்பிப் பாக்கிறத கண்டாத்தான் பின்னால வாற ட்ரைவருக்கு இவர் வெளிய வரப்போறார் எண்டு விளங்கும். வலது கைய நீட்டி சிக்னல் காட்டுங்க. இடைவெளி கிடைச்சதும் மெதுவா லேனின்ட நடுவுக்கு வாங்க, ஒரேயடியா வெட்டி இறங்க வேண்டாம். ஒடுக்கமான துண்டு முடியிற வரைக்கும் நடுவிலயே ஒரே நேரா போங்க. ஹோர்ன் அடிப்பாங்க, அடிக்கட்டும், கொழும்பில ஹோர்ன் அடிக்கிறது பாதி நேரம் “நான் பின்னால வாறன்” எண்டு சொல்லத்தான். முடிஞ்சதும் இடது பக்கம் ஒதுங்கி, கை காட்டி விட்டுடுங்க, பெரும்பாலான ஆக்கள் மரியாதையா போவாங்க.

பின்னால இடைவெளி கிடைக்கவே இல்லையா? இறங்குங்க. சைக்கிள உருட்டிக்கொண்டு பேவ்மென்ட்டால நடந்து போங்க. இறங்கி உருட்டினா நீங்க பாதசாரி, அவ்வளவுதான், அதில வெட்கப்பட ஒண்டும் இல்ல. புதுசா ஓடுற ஆக்கள் முதல் மாசம் ஒடுக்கமான இடம் எல்லாத்திலயும் இப்பிடியே செய்தாலும் நல்லதுதான்.

பஸ்ஸுக்கும் பாரியருக்கும் இடையில மட்டும் எந்த நாளும் நுழைய வேண்டாம். பஸ் நிண்டுகொண்டிருந்தாலும் வேண்டாம். வேலை நடந்தா பஸ் ஹோல்ட்ட தற்காலிகமா முன்னுக்கோ பின்னுக்கோ மாத்துவாங்க, பஸ் நினைக்காத இடத்தில இடது பக்கம் வெட்டும், ஆக்கள் ஓடுற பஸ்ஸிலயிருந்தே குதிப்பாங்க.

பெக்கோ (கிடங்கு கிண்டுற மெஷின்) வேலை செய்தா அதின்ட கைய மட்டும் பாத்தா காணாது, சுத்தேக்க பின்பக்கமும் றோட்டுக்கு வரும். ஒப்பரேட்டர் உங்களப் பாத்து தலையாட்டுற வரைக்கும் நில்லுங்க. டிப்பர் ரிவர்ஸ் எடுத்தாலும் அப்பிடித்தான், பின்னால கை காட்டுறவர் டிப்பருக்குத்தான் காட்டுறார், உங்களுக்கு இல்ல.

சில்லுக்குக் கீழ என்ன இருக்கு

இரும்புத் தகடு: கிடங்க மூடாம மேல பெரிய தகடு போட்டு வாகனத்த விடுவாங்க. காஞ்சிருந்தா பிரச்சினை இல்ல. மழை பெய்தா அதில பிரேக் பிடிக்காதீங்க, ஹேண்டில திருப்பாதீங்க, பெடல் போடுறதயும் நிப்பாட்டி நேரா உருண்டு போங்க. தகட்டுக்கு முந்தியே வேகத்தக் குறைச்சிடணும். தகட்டின்ட விளிம்பு தூக்கி நிக்குதா எண்டும் பாருங்க, டியூப் வெடிக்கிறது அங்கதான்.

புதுக் காப்பட் விளிம்பு: ஒரு பக்கம் காப்பட் போட்டு மற்றப் பக்கம் இன்னும் போடாம இருந்தா நடுவில நாலஞ்சு சென்டிமீட்டர் படி நிக்கும். அது நீங்க போற திசைக்கே நீட்டா இருக்கிறதாலதான் ஆபத்து. அதுக்குப் பக்கத்தால ஓடிக்கொண்டே மெல்ல மேல ஏற்றப் பாத்தா முன் சில்லு விளிம்பில உரசி அப்பிடியே சறுக்கும், ஆள் வாகனப் பக்கம்தான் விழும். ஏறத்தான் வேணும் எண்டா பின்னால பாத்து, கொஞ்சம் விலகி வந்து, நல்லா குறுக்கால ஏறுங்க. இல்லாட்டி நிப்பாட்டி தூக்கி வைங்க. ரயில் தண்டவாளமும் இதே கதைதான், களனிவெளி ரயில் பாதை நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடை பக்கம் றோட்ட வெட்டிப் போகுது, கடவை சரிவா இருந்தா தண்டவாளத்துக்கு நேர் குறுக்கா வாற மாதிரி சைக்கிளத் திருப்பித் தாண்டுங்க.

மேன்ஹோல் மூடி: காப்பட் போட்ட பிறகு மூடி பள்ளத்துக்குள்ள இருக்கும், இல்லாட்டி துருத்திக்கொண்டு நிக்கும். புது றோட்டு வழுவழுப்பா இருக்கு எண்டு வேகமா மிதிக்க ஆசை வரும், அப்பத்தான் இது வரும். கான் மூடியில கம்பிகள் றோட்டு போற திசைக்கே நீட்டா இருந்தா மெல்லிய டயர் உள்ளுக்க இறங்கிடும், அந்த மூடிகள நினைவில வச்சுக்கொள்ளுங்க.

தார்த் தண்ணி: காப்பட் போட முந்தி பழைய றோட்டு மேல ஒரு திரவம் அடிப்பாங்க. அடிச்ச உடன மண்ணிறமா இருக்கும், காயேக்க கறுப்பா மாறும். மண்ணிறமா இருக்கேக்க கால் வைக்கவும் வேண்டாம், சைக்கிள விடவும் வேண்டாம், எண்ணெய் மாதிரி வழுக்கும். கறுப்பான பிறகு வழுக்காது, ஆனா டயர்ல ஒட்டும், ஒட்டின இடத்தில மெட்டல் துண்டு ஒட்டும், பிறகு மட்கார்ட்டுக்குள்ள போய் இறுகும். கால்ல கையில பட்டா தேங்காயெண்ணெய் போட்டுத் தேச்சு சவர்க்காரத்தால கழுவினா போகும். டயருக்கு மண்ணெண்ணெய் பாவிக்காதீங்க, ரப்பர் கெட்டுப்போகும்.

சிதறின மெட்டல்: வேகத்தக் குறைச்சு, பின் பிரேக்க மட்டும் மெதுவா, திருப்பம் இல்லாம. முன் பிரேக்க இறுக்கிப் பிடிச்சா விழுறது நிச்சயம்.

மழையும் இரவும்

மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவ மழை, பிறகு ஒக்டோபர் நவம்பர்ல பின்னேர இடி மழை. ரெண்டிலயும் கிண்டி மூடின இடம் திரும்பக் கரையும். தண்ணி தேங்கி நிண்டா அதுக்கடியில என்ன இருக்கு எண்டு யாருக்கும் தெரியாது, ஒரு அங்குலமும் இருக்கலாம் ஒரு முழமும் இருக்கலாம். நேத்து இந்த இடம் நல்லா இருந்துது எண்ட நம்பிக்கையில போகாதீங்க. முன்னால போற மோட்டர் சைக்கிள் எங்க குலுங்குது எண்டு பாத்து அந்தத் தடத்த விட்டுப் போங்க, சுத்த வெள்ளம் எண்டா இறங்கி மேட்டால நடவுங்க. நல்ல வெயிலுக்கும் றோட்டில ஒரு இடம் மட்டும் ஈரமா கசிஞ்சுகொண்டிருந்தா கீழ குழாய் வெடிச்சிருக்கலாம், மேல தார் இருந்தாலும் உள்ளுக்க மண் கரைஞ்சு வெறுமையா இருக்கும், அதுக்கு மேலால ஓட வேண்டாம்.

தியவன்னா ஓயாப் பக்கம் நடைபாதைகளால சுத்திப் போற ஆக்களும் பெரிய மழைக்குப் பிறகு பாத்துத்தான் போகணும், அது சதுப்பு நிலம், தண்ணி ஏறினா பாதை மூடப்படும், இறங்கின பிறகும் பாசி பிடிச்சு வழுக்கும்.

காப்பட் போடுற வேலை பெரும்பாலும் ராவில நடக்கும். அவங்கட பெரிய லைட் உங்கட முகத்துக்கு நேர அடிக்கேக்க அதத் தாண்டி இருட்டுக்குள்ள இருக்கிற ஒண்டும் தெரியாது. கண் பழகுற வரைக்கும் உருட்டுங்க. முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு சிவப்பு லைட் கட்டாயம், மழை நாளில பகல்லயும் போடுங்க.

முழுசா மூடியிருந்தா

போர்ட் சில இடத்தில மூண்டு மொழியிலயும் இருக்கும், அவசரத்துக்கு வைக்கிறது பெரும்பாலும் சிங்களத்தில மட்டும். “பார வசா எத” எண்டா வீதி மூடியிருக்கு, “விகல்ப மார்க” எண்டா மாற்று வழி, “வமட” இடது, “தகுணட” வலது. சிங்களம் வராத ஆக்கள் இந்த நாலையும் பாடமாக்குங்க. வேலை செய்ற ஆளிட்ட கிட்டப் போய் “அய்யே, மெதனின் யன்ன புளுவந்த?” எண்டு கேளுங்க, இதால போக ஏலுமா எண்டு. சைக்கிள உருட்டிக்கொண்டு நிண்டு மரியாதையாக் கேட்டா நிறைய இடத்தில ஓரத்தால விடுவாங்க. விடேல்ல எண்டா வாதாடாதீங்க, உள்ளுக்க கேஸ் வெல்டிங்கோ கரண்ட் வேலையோ நடக்கும், உங்களுக்கு அது தெரியாது.

மாற்று வழி போர்ட்ட அப்பிடியே பின்தொடர வேண்டாம். அது லொறியும் பஸ்ஸும் திரும்பக்கூடிய வழி, சுத்து கூட, அந்த நேரம் எல்லா வாகனமும் அதுக்குள்ளதான். நீங்க ஞாயிற்றுக்கிழமை பாத்து வச்ச ஒழுங்கையால போங்க. ஆனா ஒருவழிப் பாதையில எதிர்ப் பக்கமா ஓடாதீங்க, கொள்ளுப்பிட்டி பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதியும் டுப்ளிகேஷன் றோட்டும் ஒருவழியா ஓடுற துண்டுகள்ல இந்த ஆசை எல்லாருக்கும் வரும். அந்தத் துண்ட பேவ்மென்ட்டால உருட்டுங்க, அஞ்சு நிமிஷம் பிந்தும், அவ்வளவுதான்.

கிண்டாமலும் மூடுவாங்க. பெப்ரவரி 4 சுதந்திர தின அணிவகுப்புக்கு முந்தின நாட்கள்ல ஒத்திகைக்கு மூடுவாங்க. பெப்ரவரியில கங்காராம நவம் பெரஹெர, மேயில வெசாக் பந்தல் பாக்க வாற சனம், ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா, செட்டியார் தெருவிலயிருந்து ஆடிவேல் ரதம் வெளிக்கிடுற நாள், இது எல்லாம் வருஷா வருஷம் வாறதால கலண்டர்ல குறிக்கலாம். கோட்டை, காலி முகத்திடல் பக்கம் ஆர்ப்பாட்டம் எண்டா முன்னறிவித்தல் இல்லாமலே மூடும், கண்ணீர்ப்புகை அடிக்க முந்தி அந்தப் பக்கத்த விட்டு வெளிக்கிடுங்க. கடும் காத்து அடிச்சா பெரிய மரம் உள்ள வீதிகளத் தவிருங்க, 2023 ஒக்டோபர்ல கொள்ளுப்பிட்டியில பஸ்ஸுக்கு மேல மரம் விழுந்து அஞ்சு பேர் செத்தத இங்க யாரும் மறக்கேல்ல.

சைக்கிளும் சாமானும்

ரேஸ் சைக்கிளின்ட மெல்லிய டயர் இந்த றோட்டுக்கு சரிவராது. கொஞ்சம் அகலமான டயர் போட்ட பழைய ஜப்பான் சைக்கிளோ சாதாரண லுமாலாவோ காணும். காத்து அளவா இருக்கட்டும், குறைவா இருந்தா குழி விளிம்பில ரிம் டியூப்ப கடிச்சு ரெண்டு ஓட்டை போடும். ஒரு டியூப், பம்ப், டயர் கழட்டுற லீவர், பெல், தூசிக்கு மாஸ்க், கண்ணுக்கு சாதாரண கண்ணாடி. ஹெல்மட்ட பத்தி நான் சொல்லத் தேவையில்ல.

விழுந்தா, இல்லாட்டி ஆபத்தான கிடங்கு கண்டா

விழுந்தா முதல்ல றோட்ட விட்டு ஓரத்துக்கு வாங்க, சைக்கிள பிறகு எடுக்கலாம். 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமா வரும். தலை அடிபட்டா வலி இல்லாட்டியும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. தார்லயும் மெட்டல்லயும் உரசின காயத்த ஓடுற தண்ணியில நல்லா கழுவுங்க, கல்லுத் தூள் உள்ளுக்க இருந்தா பழுக்கும், ஏற்பு ஊசி போட்டு எவ்வளவு காலம் எண்டு டொக்டரிட்ட சொல்லுங்க. இடத்த போட்டோ எடுங்க: கிடங்கு, அதுக்கு முன்னால பாரியர் இருந்துதா இல்லையா, பக்கத்துக் கடை போர்ட், லைட் போஸ்ட் நம்பர்.

விழாட்டியும், மூடாத கிடங்கு கண்டா சொல்லிட்டுப் போங்க. தண்ணிக் குழாய் வேலை எண்டா நீர் வழங்கல் சபைக்கு 1939, கரண்ட் வேலை எண்டா மின்சார சபைக்கு 1987. யார் கிண்டினது எண்டு தெரியேல்ல, இரவு, லைட்டும் இல்ல, பாரியரும் இல்ல எண்டா பொலிசுக்கு 119 அடிச்சு வீதியின்ட பேரும் கிட்ட உள்ள சந்தியும் சொல்லுங்க. ஆள் வாற வரைக்கும் பக்கத்துக் கடையில ஒரு பழைய டயரோ மரக்கொப்போ வாங்கி, கிடங்குக்கு நேர மேல வைக்காம, வாகனம் வாற பக்கத்தில கொஞ்சம் தள்ளி, தூரத்திலயே தெரியிற மாதிரி வைங்க. ட்ரபிக் விட்டாத்தான் றோட்டுக்கு இறங்குங்க, தனிய எண்டா கடைக்காரரயும் கூப்பிடுங்க, ஒருத்தர் டோர்ச் அடிச்சு வாகனத்தக் காட்ட மற்றவர் வைக்கலாம்.